குமிழ் காட்டிய எண்

தன் காது போய்விட்டது என்று தூண் முடிவுகட்டி மூன்று வாரம் ஆகிவிட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. கூட வாசிக்கிறவர்களிடம் மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். அதற்கும் காரணம் முதுகுவலி என்று ஒரு பொய்.

தூண் என்பது குழு அவனுக்கு வைத்த பேர். மேடையில் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான் என்றால் நின்றதுதான். பாடுகிற வாத்தியார் குதிப்பார், டிரம்ஸ்காரன் தலையைச் சுழற்றுவான், இவன் கண் இமைத்தாலே பெரிய விஷயம். வாரத்தில் ஆறு நாள் பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில் வேலை. கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் பாதையின் பக்கத்தில் பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறான். காதுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த அடைப்பான்களைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவன். அதனால் காது போனது ஏன் என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை.

ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில். முதல் பாட்டு பாதி ஓடும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தந்தியில் விரல் படும்போது வருகிற அந்தச் சின்ன உரசல், ஒவ்வொரு சுரத்துக்கும் விளிம்பு கட்டுகிற சத்தம், அது இல்லை. அடிவயிற்றில் வந்து மோதும் கனமும் இல்லை. மூக்கால் பேசுகிற ஆள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி என்னவோ வந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் டிரம்ஸ்காரன் குச்சியால் தலையைச் சொறிந்தபடி, "மாமா, வாளிக்குள்ள உக்காந்து வாசிக்கிறீங்களா?" என்றான். டிரம்ஸ்காரன் தூணின் மனைவிக்குத் தம்பி. தரைக்கு ஓடு பதிக்கிற தொழில், வாய்க்குப் பூட்டு கிடையாது.

தூண் ஒழுங்காகத்தான் தேடினான். தந்திகளை மாற்றினான். வயரை மாற்றினான். வாத்தியாரிடம் வேறு பேஸ் கிட்டார் இரவல் வாங்கி வாசித்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் அதே கம்பளி. கடைசியில், சத்தத்தைப் பெரிதாக்கி வெளியே விடுகிற ஆம்பைப் பார்த்தான். விளக்கு மாதிரி எரிகிற கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ஆம்ப் அது, இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். வால்வுகள் ஒழுங்காக எரிந்தன. முன்பக்கத்தில் ஐந்து குமிழ்கள். அவற்றை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று எழுதிய காகிதம் பின்பக்கம் ஒட்டியிருந்தது. கெயின் மூன்று, பேஸ் நான்கு, மிட் ஏழு, ட்ரெபிள் மூன்று, மாஸ்டர் ஆறு. பன்னிரண்டு வருடமாக மாறாத எண்கள். குமிழ்களின் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் அதனதன் எண்ணுக்கு நேராகவே நின்றது.

ஆக, எல்லாம் சரி. சரியில்லாதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அது அவன் தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கும் சத்தம் மோசமாகக் கேட்கிறதே என்ற கேள்விக்கும் அவனிடம் பதில் இருந்தது. காது சரியாக இருந்தால்தான் எங்கே எவ்வளவு அழுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். காது போனால் விரலும் கூடவே போய்விடும்.

வேறொருவனாக இருந்தால் மேல்சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்திருப்பான். இவன் திருப்பவில்லை. காரணம், முன்பு அவர்களோடு கீபோர்டு வாசித்த தையல்காரர். வயதாகி அவருக்கு மேல்சத்தம் கேட்காமல் போனது. கேட்காமல் போகப்போக ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனார். முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் பல் கூசுகிற மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள், அவர் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு வருடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சொல்லும் வேலை தூணின் தலையில் விழுந்தது. சொன்னதும் தையல்காரர் கீபோர்டு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைத் தான் ஒருநாளும் கேட்கக் கூடாது என்று தூண் அன்றைக்கே தீர்மானித்தான். காது கெட்டவன் குமிழைத் தொடக் கூடாது, காகிதத்தை நம்ப வேண்டும். காகிதமும் கைவிட்டால் மேடையைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

இறங்கத்தான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். துறைமுகத் தொழிலாளர் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. அவன் இடத்தில் வாசிக்க டிரம்ஸ்காரன் ஒருத்தியைப் பிடித்திருந்தான். பஸ் டிரைவர். தூணின் வயதுதான் இருக்கும், வேறொரு குழுவில் வாசித்தவள். அவளிடம் இருந்தது கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப், அது அந்த மண்டபத்துக்குக் காணாது. அதனால் தூணின் ஆம்பையே அவள் உபயோகிப்பது என்று பேச்சு. வால்வு ஆம்பை அவள் தொட்டதில்லை. சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, காலையில் அதைக் காட்டிக்கொடுக்க ஒத்திகை அறைக்கு வந்தான் தூண். ஆம்பை டிரம்ஸ்காரனும் வாத்தியாரும் முந்தின இரவே வீட்டிலிருந்து அங்கே தூக்கிவந்து வைத்திருந்தார்கள். கம்பளம் விற்கும் கடையின் பின்னால் இருக்கிற கிடங்கு அது. சுருட்டி நிறுத்திய கம்பளங்களுக்கு நடுவே டிரம்ஸ் போட இடம் விட்டிருந்தார்கள்.

டிரைவர் சீருடையிலேயே வந்தாள். இரவு முறை வேலையை முடித்த கையோடு நேராக வந்திருக்கிறாள். ஆம்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இதை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று கேட்டாள். வீட்டு ஹாலில்தான் இருக்கிறது, மனைவிக்குப் பூச்சாடி வைக்க வசதியாக இருக்கிறதாம் என்றான் தூண். அவனுக்கு அன்று சிரிக்கிற நிலைமை இல்லை. அவள் மட்டும் சிரித்தாள்.

முதலில் ஸ்பீக்கர் பெட்டியின் வயரைச் செருகச் சொன்னான். பெட்டியை இணைக்காமல் இந்த ஆம்பை ஓட்டினால் உள்ளே இருக்கிறது எரிந்துபோகும். பிறகு முதல் சுவிட்ச். உடனே எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது சுவிட்ச் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, முதலாவது வால்வுக்குச் சூடு ஏற்ற, இரண்டாவது சத்தத்தை வெளியே விட, நடுவில் இரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்றான். "புரியுது. பிரேக்குக்குக் காத்து ஏறாம பஸ்ஸை எடுக்கக் கூடாது. அதானே?" என்றாள். அதேதான்.

வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிய ஆரம்பித்ததும் இரண்டாவது சுவிட்சைப் போட்டாள். எண்களைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டாள். தன் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு நீளமான சுரம் வாசித்தாள். பிறகு நாலைந்து வேகமாக. நிறுத்திவிட்டு ஆம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கம்பளிதான். மூக்கால் பேசுகிற அதே ஆள்தான். தூணுக்கு அதில் ஆச்சரியம் இல்லை, காது தன்னுடையதுதானே.

"அண்ணே, இதுதான் உங்க சத்தமா?"

"உங்களுக்கு எப்படிக் கேக்குது?"

"தப்பா எடுத்துக்காதீங்க. போர்வைக்குள்ள இருந்து யாரோ கத்துற மாதிரி இருக்கு."

தூண் தந்தியின் மேலிருந்த அவள் கையைப் பார்த்தான். வாசித்தது அவள். விரல் அவளுடையது, கிட்டார் அவளுடையது, கேட்ட காதும் அவளுடையது. அவன் மூன்று வாரமாக அடுக்கி வைத்திருந்த கணக்கில் முதல்முறையாக ஒரு செங்கல் ஆடியது. ஆனாலும் வாய் வேறு சொன்னது. பழக்கமில்லாத ஆம்ப், போகப்போகச் சரியாகிவிடும் என்றான்.

அவள் விடுகிற ஆள் இல்லை. தினமும் ஐந்நூறு பேரை ஏற்றி இறக்குகிறவள். "காகிதத்தை விடுங்கண்ணே. மொத நாள் காகிதம் ஏது? அன்னைக்கு எப்படி வச்சீங்க, அதைச் செஞ்சு காட்டுங்க."

முதல் நாள் செய்தது அவனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மாஸ்டரைக் கொஞ்சம் திறக்க வேண்டும், அது வெளியே போகிற அளவு. அப்புறம் கெயின், அது உள்ளே முதல் வால்வுக்குள் நுழைகிற அளவு. தந்தியை ஓங்கி அடித்தபடியே கெயினை ஏற்றிக்கொண்டு போனால் ஓர் இடத்தில் சத்தம் லேசாக உறும ஆரம்பிக்கும். அங்கிருந்து ஒரு மயிரிழை பின்னால் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பேஸ், மிட், ட்ரெபிள், அதாவது அடிச்சத்தம், நடுச்சத்தம், மேல்சத்தம். அந்த மூன்றும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை, ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும். இந்த ஆம்பில் மூன்றும் பூஜ்யத்தில் இருக்கும்போதும் மெலிந்த சத்தம் வரும். சொல்லிக்கொண்டே கெயின் குமிழை இடதுபக்கம் முழுக்கத் திருப்பினான்.

குமிழ் நின்றது. இன்னும் அழுத்தினான். நகரவில்லை, அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைக் கோடு இரண்டில் இருந்தது.

குனிந்து பார்த்தான். இரண்டுதான். பேஸ் குமிழைத் திருப்பினான், அது ஒன்றில் நின்றது. ட்ரெபிள் இரண்டில். மிட்டைத் திருப்பினால் அது பூஜ்யத்தையும் தாண்டி எண்ணே இல்லாத இடத்தில் போய் நின்றது. மாஸ்டரும் பூஜ்யத்துக்குக் கீழேதான்.

டிரைவர் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இதென்னண்ணே, ஆளுக்கொரு பூஜ்யம்?"

தூண் கீழே கிடந்த கம்பளச் சுருள் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது.

அவன் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டர் வாய்க்குள் விடுகிற இடுக்கி, கொக்கி, சின்னக் கண்ணாடி எல்லாவற்றையும் கழுவி, கொதிக்கவைத்து, தட்டில் ஒரே வரிசையாக, எல்லாவற்றின் முனையும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்குகிற வேலை. பதினாறு வருடமாக அதைச் செய்கிறவளுக்குக் கோணலாக ஒன்று கண்ணில் பட்டால் தூக்கம் வராது. மூன்று வாரத்துக்கு முன்னால், அந்த ஞாயிறு ஒத்திகைக்கு முந்தின நாள், தொழிற்சாலையிலிருந்து திரும்பியபோது ஹாலில் ஆம்ப் பளபளவென்று இருந்தது. குமிழ்களின் விளிம்பில் பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்திருந்த அழுக்கைக் காணோம். ஐந்து குமிழ்களும் சிப்பாய்கள் மாதிரி நேராக மேலே பார்த்துக்கொண்டு, ஐந்து என்ற எண்ணில் நின்றன. துடைக்கும்போது திரும்பிவிட்டது என்றுதான் அவன் நினைத்தான். காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் அதன் எண்ணுக்குத் திருப்பி வைத்தான்.

அவள் எதையும் திருப்பவில்லை. குமிழ்களைப் பிடுங்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கருவிகளோடு சேர்த்து ஊறப்போட்டிருப்பாள். கொண்டுவந்து செருகும்போது கோணல்மாணலாக இருக்கக் கூடாது என்று ஐந்தையும் நேராகச் செருகியிருக்கிறாள். குமிழ் செருகுகிற உள்தண்டு மட்டும் அவன் வைத்த இடத்திலேயே அசையாமல் இருந்திருக்கிறது. அதாவது, அன்றைக்கு அவன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் சத்தம் பழைய சத்தமாகவே இருந்திருக்கும். சரிசெய்கிறேன் என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து கெடுத்தவன் அவன்தான்.

இதை அவன் டிரைவரிடம் சொன்னபோது வார்த்தைகள் முன்பின்னாக வந்தன. காது விஷயத்தையும் தையல்காரர் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, தன்னுடைய சின்ன ஆம்ப் ஒன்றும் மோசமில்லை என்று இப்போதுதான் தெரிகிறது என்றாள்.

"அப்ப உங்க முதுகுக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்ல."

"காதுக்கும் ஒண்ணும் இல்ல."

"தெரியல. இருக்காதுன்னுதான் இப்பத் தோணுது."

"நல்லா இருக்கீங்க போங்க. நான் ஷிப்ட் மாத்திட்டு வந்திருக்கேன்."

குமிழ்களைப் பிடுங்கினார்கள். தண்டுகளை இடதுபக்கம் முழுக்கத் திருப்பி, வெள்ளைக் கோடு பூஜ்யத்தில் நிற்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் செருகினார்கள். தூண் காகிதத்துக்குக் கையை நீட்டியபோது டிரைவர் அதைக் கிழித்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பார்க்காமல் வைக்கச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, அவள் வாசிக்க வாசிக்க, காதால் தேடி வைத்தான். மாஸ்டர், கெயின், உறுமுகிற இடம், ஒரு மயிரிழை பின்னால். பேஸைத் திறந்ததும் தரை அதிர்ந்தது. மிட் ஏறியதும் சத்தத்துக்கு உடம்பு வந்தது. கடைசியாக ட்ரெபிள். பூஜ்யத்திலிருந்து மெல்ல, மிக மெல்ல. எங்கோ ஓர் இடத்தில் தந்தியின் உரசல் திரும்பி வந்தது. பயணம் போன ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாதாரணமாக உள்ளே வருகிற மாதிரி வந்தது.

கண்ணைத் திறந்து எண்களைப் பார்த்தார்கள். நான்கு குமிழ்கள் பழைய இடத்திலேயே, அரைக்கால் இப்படி அப்படி. ட்ரெபிள் மட்டும் மூன்றுக்குப் பதில் நான்கில் இருந்தது.

"ஒண்ணு கூடிருக்கே," என்றான் தூண். தையல்காரரின் முகம் ஒரு கணம் வந்துபோனது.

டிரைவர் இரண்டு சுரம் வாசித்துப் பார்த்தாள். "எனக்குக் காது வலிக்கல. வலிச்சா சொல்றேன். நான் எல்லாம் ஒரு வருஷம் காத்திருக்க மாட்டேன், ரெண்டாவது பாட்டுலயே சொல்லிருவேன்."

அதைவிட நல்ல வார்த்தையை அந்த மூன்று வாரத்தில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு டிரம்ஸ்காரன் வந்தான். உள்ளே தூண் தன் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசிப்பதையும் டிரைவர் கம்பளத்தில் சாய்ந்து காலை நீட்டியிருப்பதையும் பார்த்தான். எதுவும் கேட்காமல் டிரம்ஸில் உட்கார்ந்து சேர்ந்துகொண்டான். எட்டுச் சுற்று போனதும் குச்சியைத் தூக்கிப் பிடித்து நிறுத்தினான். வாளிக்குள்ளிருந்து எப்போது வெளியே வந்தீர்கள் என்று கேட்டான். தூண் விஷயத்தைச் சொன்னான். அக்கா பெயர் வந்ததும் டிரம்ஸ்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் பெரிய டிரம்மின் மேல் கவிழ்ந்துவிட்டான். சின்ன வயதில் தன்னுடைய கோலிக்குண்டுகளை எல்லாம் நிறவாரியாக அடுக்கிவைத்து விளையாடவே விடாதவள் அவள் என்றான். பிறகு டிரைவரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். அவளோ கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பெட்டியை மண்டபத்துப் படியில் ஏற்ற வேண்டுமே என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்ததாகவும், இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பதில் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்றும் சொன்னாள்.

மாலை நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாசித்தான். நின்றான், அவ்வளவுதான். இரண்டாவது பாட்டு முடிந்ததும் முன்வரிசையைப் பார்த்தான். டிரைவர் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள், காதைப் பொத்தவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் குமிழிலிருந்து தொடங்கினான். ஆமாம், கழுவியது நான்தான், அதற்கென்ன என்று அவள் சிலிர்த்துக்கொண்டாள். அழுக்கு எப்படி இருந்தது தெரியுமா, அதை டாக்டரிடம் காட்டியிருந்தால் மயக்கம் போட்டிருப்பார் என்றாள். பிறகு அவன் காதைப் பற்றிச் சொன்னான். வியாழக்கிழமைக்குக் காது டாக்டரிடம் ரகசியமாக நேரம் வாங்கியிருப்பதையும் சொன்னான்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து, இன்னொரு தடவை மடித்து, மேஜைமேல் வைத்தாள்.

"மூணு வாரமா நான் கூப்பிட்டா திரும்பாம இருந்தது இதுக்குத்தானா?"

"தப்பாக் கேட்டுட்டு மாட்டிக்குவேனோன்னு பயம். பேசாம இருந்துட்டேன்."

"என் மேல என்னமோ கோபம்னு நினைச்சேன். தம்பிகிட்ட கேட்டா முதுகுவலின்னான். அதான் மெத்தைக்கு அடியில பலகையைப் போட்டு வச்சேன். அதுக்கும் நீங்க ஒண்ணும் கேக்கல. சரி, கோபந்தான்னு முடிவு பண்ணிட்டேன்."

மெத்தைக்கு அடியில் பலகை இருப்பதே தூணுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வாரமாக இடுப்பு உண்மையாகவே பிடித்துக்கொண்டிருந்தது ஏன் என்பதும் தெரிந்தது. பொய் சொன்னதற்குக் கூலி என்று நினைத்து அதையும் வாய்மூடிப் பொறுத்திருந்தான்.

இருவரும் சேர்ந்து பலகையை உருவி எடுத்தார்கள். வியாழக்கிழமை டாக்டரை மட்டும் ரத்து செய்யக் கூடாது, தானும் கூட வருவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அதுவரைக்கும் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அவனைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துவிட்டு, ஹாலின் மறுகோடிக்குப் போய், ஆஸ்பத்திரிக் கருவிகளின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். இடுக்கி என்றாள், இடுக்கி என்றான். கொக்கி. கொக்கி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி பின்னால் போய்க் குரலைக் கொஞ்சம் இறக்கினாள். கண்ணாடி, பஞ்சு, ஊசி. சமையலறைக்குள்ளிருந்து, அடுப்புக்குப் பக்கத்திலிருந்து, மூச்சுக்காற்று மாதிரி கத்தரிக்கோல் என்றாள். அதையும் சொன்னான்.

அதற்குப் பிறகு நீண்ட நேரம் எதுவும் வரவில்லை.

"இப்ப என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலையே."

"உண்மையாவா?"

"வியாழக்கிழமை டாக்டர் சொல்லுவார்," என்றாள் அவள், அடக்கி வைத்திருந்த சிரிப்பு குரலில் கசிய. அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெளிவாகவே கேட்டது.